கூப்பிட்டால் வருகிற தெரு

ஜனவரி 12

அன்புள்ள அண்ணா,

அம்மாவும் நானும் நலம். உனக்கு இருமல் விட்டதா, கிடங்கில் தூசிக்கு மூக்கில் துணி கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டு எழுதச் சொன்னாள் அம்மா. போனில் எனக்கு வாய் வராது என்று உனக்குத் தெரியும். நீ "அப்புறம்?" என்பாய், நான் "ஒண்ணுமில்லே" என்பேன், அதோடு முடிந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளின் எழுத்து, பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் படி.

சலவைக்கடையில் என்னை முன்பக்கம் நிற்க வைத்துப் பார்த்தார்கள். வந்தவர்களிடம் துணியைக் கொடுத்தேனே தவிர ஒரு வார்த்தை பேசவில்லையாம். இரண்டே நாளில் பின்பக்கம் அனுப்பிவிட்டார்கள். இப்போது விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை மடிக்கிறேன். ஒரு விரிப்புக்கு இரண்டு பேர் வேண்டும். என்னோடு மடிப்பவள் நம் தெருக்கோடி வீட்டு அக்கா. அவள் பேசுவாள், நான் மூலையைப் பிடிப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் தெருமுனைக் கம்பத்தில் நகராட்சி ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஆலை மூடிய பிறகு, அதன் ஆட்களுக்குக் கட்டிய இந்த வீடுகள் யாருக்கும் பயன்படாத நிலம் என்று ஒரு கம்பெனி கேட்கிறதாம், லாரி நிறுத்த. வீடுகள் இருக்கட்டுமா, போகட்டுமா என்று தெருக்காரர்களிடமே ஓட்டுக் கேட்கப் போகிறார்கள். ஏப்ரல் கடைசி ஞாயிறு. நூலகக் கட்டடத்தில். ஓட்டு உள்ளவர்களில் பாதிக்கு மேல் வந்து போட்டால்தான் செல்லும். வரவில்லையென்றால் தெருவுக்கு அக்கறை இல்லை என்று நகராட்சியே முடிவு செய்துகொள்ளும்.

வந்தால் எல்லாரும் "இருக்கட்டும்" என்றுதான் போடுவார்கள். வருவதுதான் கஷ்டம். நம் தெரு உனக்குத் தெரியாதா, யாராவது கூப்பிட்டால்தான் கிளம்பும். போன தேர்தலில் நீ காலையில் முதல் வீட்டுக் கதவைத் தட்டினாய். கடைசி வீடு வரை ஆள் ஆளாகச் சேர்ந்து, ஏதோ கல்யாணத்துக்குப் போவது போல நடந்தார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த முறை யார் தட்டுவது என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா என்னைப் பார்த்தாள். அண்ணா, எனக்கு ஓட்டே இல்லை, வயசு பதினாறு. நீ எப்படிச் செய்தாய் என்று மட்டும் எழுது.

எல்லாரும் உன்னை விசாரிக்கிறார்கள்.

உன் தங்கை


ஜனவரி 25

அடி முயலே,

நான் சுகம். இருமல் போய்விட்டது, அம்மாவிடம் சொல். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? கேன்டீனில் நின்றே வேலை செய்ய வேண்டாம், ஒரு முக்காலி கேட்டு வாங்கச் சொல். உன் எழுத்தில் பிழை இல்லை. என் எழுத்தைத்தான் கோழி கிளறியது போல இருக்கிறது என்று இங்கே சிரிக்கிறார்கள்.

ஆள் வந்தால் உள்ளே ஓடி ஒளிகிற முயல், கதவு தட்டப் போகிறதா? தட்டு. ஒன்றும் ஆகாது. ரகசியம் சொல்கிறேன், கேள். நூலகம் ஒன்றும் தூரமில்லை. கூச்சம்தான் தூரம். தனியாகப் போய் வரிசையில் நிற்க எல்லாருக்கும் கூச்சம். உனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். பக்கத்து வீட்டுக்காரன் செருப்பை மாட்டினால் நம் ஆளும் மாட்டுவான். அவ்வளவுதான் வித்தை.

ஆனால் யாரை முதலில் என்று தெரிய வேண்டும். நர்சம்மாவிடம் போ. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் தெருவில் பாதிப் பேரை இந்த உலகத்துக்கு இழுத்துவிட்டவர் அவர்தான். அவர் கிளம்பினால் தையல்காரர் கிளம்புவார், அவருடைய இரட்டைப் பிள்ளைகள் நர்சம்மா கையில் பிறந்தவை. தையல்காரர் கடையைச் சாத்தினால் அந்த வரிசையே சாத்தும். தச்சரிடம் நேரே போகாதே. அவர் "யோசிக்கணும்" என்பார், நாலு வருஷம் யோசிப்பார். அவர் மனைவியிடம் சொல், அவர் படியிறங்கினால் தச்சர் பின்னாலேயே வருவார், சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே.

நான் வயரிங் செய்யாத வீடு, பல்பு மாற்றாத வீடு அங்கே ஒன்றுகூட இல்லை. என் பெயரைச் சொல். அது போதும்.

இங்கே நல்ல செய்தி ஒன்று. எங்கள் முதலாளி நம் பக்கத்தில்தான் எங்கோ பெரிய இடம் வாங்கப் போகிறாராம். அமைந்தால் என்னை அங்கே மேற்பார்வைக்குப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். வீட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டே வேலை பார்ப்பேன்.

எல்லாருக்கும் என் வணக்கம்.

அண்ணன்


பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தைக் கண்டு அம்மா முகம் தெளிந்தது. முழங்காலுக்கு முக்காலி கேட்டாளாம், உட்கார்ந்து பரிமாற முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். எனக்குக் கையில் சோடாப் பொடி பட்டுத் தோல் உரிந்தது, இப்போது பரவாயில்லை.

நீ சொன்னபடி நர்சம்மாவிடம் போனேன். வாசலில் நின்றேன். மணியை அழுத்தாமல் எவ்வளவு நேரம் நின்றேனோ, அவரே குப்பை கொட்ட வந்து பார்த்துவிட்டு, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். உள்ளே உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். நான் சொல்ல நினைத்ததெல்லாம் வயிற்றிலேயே நின்றுவிட்டது. ஓட்டு, நூலகம், ஏப்ரல் என்று மூன்று சொல் வந்தது. நான்காவதாக உன் பெயரைச் சொன்னேன்.

நர்சம்மா பார்ப்போம் என்றார். தேநீர் நன்றாக இருந்தது.

தையல்காரரிடமும் போனேன். ஒருவருக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தார். உன் பெயரைச் சொன்னபோது நாடாவை மறுபடி முதலிலிருந்து பிடித்தார். வேலை அதிகம் போல. நான் வந்துவிட்டேன்.

விரிப்பு மடிப்பதில் ஒன்று கவனித்தேன். எதிரே நிற்பவள் இழுக்கிற அளவுக்கு நாமும் இழுக்க வேண்டும். விட்டுவிட்டால் நடுவில் தரையில் விழுந்துவிடும், திரும்ப வெளுக்க வேண்டும்.

அப்படி மடிக்கும்போது கோடி வீட்டு அக்கா ஒன்று கேட்டாள். உனக்கு இந்தக் கிடங்கு வேலையைக் கவுன்சிலர்தான் வாங்கித் தந்தாரா என்று. எனக்குத் தெரியாது என்றேன். தெரியாதுதானே அண்ணா? நீ வயரிங் வேலை கேட்டு அலைந்து, தானாகக் கிடைத்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். போன தேர்தலில் அவருக்குத்தான் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனாய், வீட்டுப் பத்திரம் வாங்கித் தருவார் என்று. இப்போது லாரி நிறுத்தத்துக்கு இடம் கொடுக்கலாம் என்று நகராட்சியில் முதலில் கை தூக்கியவரே அவர்தானாம்.

இதற்குப் பதில் எழுது.

உன் தங்கை


பிப்ரவரி 27

முயலுக்கு,

நலம். இங்கே வேலை நெருக்கடி, அதனால் தாமதம். உன் கைக்கு இரவில் தேங்காயெண்ணெய் தடவு.

நர்சம்மா "பார்ப்போம்" என்றால் அது பாதி சம்மதம். அவரை எனக்குத் தெரியும். பிரசவ வலியில் கத்துபவளிடமும் "பார்ப்போம்" என்றுதான் சொல்வார், பிறகு பார்த்துக்கொள்வார். நீ மறுபடி போ. இந்த முறை பேசாதே. அவர் வீட்டில் ஏதாவது வேலை இருந்தால் செய். நான் அப்படித்தான் பழகினேன். ஓட்டைப் பற்றிப் பேசப் போனவனை யாரும் உள்ளே விட மாட்டார்கள், ஃபியூஸ் போட வந்தவனைச் சமையலறை வரை விடுவார்கள்.

தெரு ஆயிரம் பேசும். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கொடுக்காதே.

முதலாளி ஒரு வரைபடத்தை மேசையில் விரித்து வைத்து என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். கோடு கோடாக இருந்தது, எனக்குப் புரியவில்லை. பெரிய லாரிகள் பத்து திரும்பலாமாம். மனுஷர் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார்.

முக்கியமான செய்தி. ஓட்டு நாளுக்கு நான் வருகிறேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். முதல் பஸ்ஸில் வந்து முதல் கதவை நானே தட்டுகிறேன். அதுவரை நீ நெருப்பை அணையாமல் வைத்திரு.

அம்மாவின் முழங்காலுக்குக் களிம்பு அனுப்பியிருக்கிறேன்.

அண்ணன்


மார்ச் 10

அன்புள்ள அண்ணா,

களிம்பு வந்தது, அம்மாவுக்கு வலி குறைந்திருக்கிறது. நீ வருகிறாய் என்றதும் உன் கட்டிலுக்கு மேலே குவித்திருந்த பழைய துணிகளை எடுத்துவிட்டாள். நீ வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது என்று அன்றுதான் உறைத்தது.

இனி மறைக்காமல் எழுதுகிறேன். நீ வருவதால் எழுதலாம் என்று தோன்றுகிறது. யாரும் உன்னை விசாரிக்கவில்லை அண்ணா. முதல் கடிதத்தில் சும்மா எழுதினேன்.

தச்சர் வீட்டுக்குப் போயிருந்தேன். நீ சொன்னபடி அவர் மனைவியிடம்தான் பேசப் போனேன். ஆனால் தச்சரே எழுந்து வந்துவிட்டார். கையில் இழைப்புளி. நான் திண்டாடி, அண்ணன் வரப் போகிறது என்றேன். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் ஓடி வந்திருப்பேன்.

"உங்கண்ணன் கூப்பிட்டப்ப யாருக்குன்னுகூட நான் கேக்கலம்மா. அவன் முன்னால நடந்தான், நான் பின்னால நடந்தேன். வீட்டுப் பத்திரம் வரும்னான். பத்திரம் வரல, அவனுக்கு வேலை வந்துச்சு. இனிமே எவன் கூப்பிட்டாலும் யோசிக்கறதா இருக்கேன்."

அப்போது எனக்கு என்ன ஆனதோ. "எங்கண்ணன் உங்கள வித்துட்டுப் போகல மாமா" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு பெரிய வாக்கியத்தை வெளி ஆளிடம் நான் சொன்னதே இல்லை. அவர் மனைவி எட்டிப் பார்த்து, இந்தப் பொண்ணு பேசுமா என்றார்.

அந்தப் பேச்சு நர்சம்மா காதுக்குப் போய்விட்டது. அவரே என்னைக் கூப்பிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவன் வரட்டும். என் மூஞ்சியப் பாத்து, ஆமா நர்சம்மா தப்பா நம்பிட்டேன், இந்தத் தடவை நம்ம வீட்டுக்காக வாங்கன்னு ஒரு தடவை சொல்லட்டும். செருப்ப மாட்டிக்கிட்டு முதல் ஆளா வர்றேன்."

நர்சம்மா வந்தால் தையல்காரர் வருவார். தச்சரும் அதையே சொன்னாராம், அவன் நேரில் சொன்னால் வருகிறேன் என்று. நீ வந்து சொன்னால் போதும் அண்ணா. இரண்டு நிமிஷப் பேச்சு.

இன்னொன்று. போன வாரம் நாலு பேர் வந்து தெருவை அளந்தார்கள். அவர்கள் வந்த வண்டியில் கம்பெனி முத்திரை இருந்தது, வட்டத்துக்குள் பறக்கிற லாரிச் சக்கரம், இரண்டு பக்கமும் இறக்கை. நீ கடிதம் அனுப்பும் உறையின் மூலையிலும் அதே மாதிரி ஒன்று இருக்கிறது. ஒரே மாதிரி முத்திரை நிறையக் கம்பெனிக்கு இருக்கும் இல்லையா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணா,

நலமா? என் மார்ச் மாதக் கடிதம் கிடைத்ததா? போன் செய்தாலும் நீ எடுப்பதில்லை, தபால்காரரிடம் அம்மா தினமும் கேட்கிறாள். அவருக்கே சங்கடமாகி இப்போதெல்லாம் எதிர்ச் சாரியில் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போகிறார்.

நான் சும்மா இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோடி வீட்டு அக்காவும் நானும் வீடு வீடாகப் போகிறோம். அவள் பேசுவாள். நான் பக்கத்தில் நிற்பேன். பேசாத ஆளும் வேண்டும் என்கிறாள், இரண்டு பேரும் பேசினால் கதவைச் சாத்துவார்களாம். தையல்காரர் மனைவி எனக்கு உட்காரப் பலகை போட்டார். தையல்காரர் நிமிர்ந்து பார்த்து, உன் அண்ணன் இன்னும் இடது காலைத் தேய்த்துத்தான் நடக்கிறானா என்று கேட்டார். கோபமாக இருப்பவர் நடையை விசாரிப்பாரா? எனக்கு அது நல்லதாகப் பட்டது.

நீ வருகிறாய் என்று எல்லா வீட்டிலும் சொல்லியாகிவிட்டது. அக்காவை நான் ஒரு தடவை முந்திக்கொண்டு நானே சொன்னேன்.

எந்த பஸ் என்று மட்டும் எழுது.

உன் தங்கை


ஏப்ரல் 11

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலம். அம்மாவும் நீயும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதங்கள் கிடைத்தன. இது கிடங்கில் சரக்கு ஏறும் காலம், யாருக்கும் லீவு இல்லை. நான் வர முடியாது.

யோசித்துப் பார்த்தேன். நீ வயசுப் பெண். வீடு வீடாகப் போய் நிற்பது சரியில்லை. நான்தான் ஏதோ விளையாட்டாக எழுதிவிட்டேன். இனிப் போக வேண்டாம். இத்தனை வருஷம் ஓட்டுப் போட்டு யாருக்கு என்ன மாறியது? பெரிய இடத்தில் முடிவானதை நம் தெரு போய்த் திருப்ப முடியாது. அந்த வீடுகளும் பழசு. கூரை ஒழுகுகிறது என்று அம்மாதான் போனில் சொல்வாள்.

அன்றைக்கு நீயும் அம்மாவும் வீட்டில் இருங்கள். தெருவில் என்னைப் பற்றிப் பேச்சு வந்தால் பதில் சொல்லாதே.

அம்மாவுக்கு இன்னொரு களிம்பு வாங்கி வைத்திருக்கிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 16

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் கிடைத்தது. இந்த முறை முத்திரை இல்லாத உறையில் வந்திருந்தது. அம்மாவுக்குப் பாதியை வாசித்துக் காட்டினேன். நலம், களிம்பு, அந்தப் பாதியை. அம்மா மீதியையும் கேட்கவில்லை. கட்டில் மேலிருந்து எடுத்த துணிகளைத் திரும்பப் போடவும் இல்லை.

நீ வர முடியாதென்றால் சரி. முத்திரையைப் பற்றி நான் மறுபடி கேட்கப் போவதில்லை. உனக்கு வேலை போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

ஒன்றே ஒன்று செய். நர்சம்மாவுக்கு மூன்று வரி எழுது. அவர் கேட்டதை. கையெழுத்துக்கூட வேண்டாம், உன் கோழிக் கிறுக்கல் அவருக்குத் தெரியும். அதை நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அது போதும், அவர் கிளம்பிவிடுவார். அதைப் பார்த்தால் மற்றவர்களும் கிளம்புவார்கள். நான் அந்த வீடுகளுக்குப் போய்ப் போய்ப் பார்த்ததால் சொல்கிறேன். அவர்களுக்கு ஓட்டுப் போட மனசு இருக்கிறது. ஒரு சாக்கு வேண்டும்.

நீ வரவில்லை என்று நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. கோடி வீட்டு அக்காவிடம்கூட. விரிப்பின் மறுமுனையில் நின்று அவள் "முதல் பஸ்ஸா, ரெண்டாவது பஸ்ஸா" என்று கேட்கிறாள். நான் மூலையைச் சரி செய்வது போலக் குனிந்துகொள்கிறேன்.

உடனே எழுது. உடனே போட்டால் ஓட்டுக்கு முந்தின சனிக்கிழமைக்குள் வந்துவிடும்.

உன் தங்கை


ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணா,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

சனிக்கிழமைத் தபாலில் ஒன்றும் வரவில்லை.

ஞாயிறு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நீ கேட்கவில்லை.

காலையில் ஜன்னலைத் திறந்தபோது தெருவே குளித்திருந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும். தையல்காரர் கடையைத் திறக்கவில்லை. மெஷின் முன்னால் ஸ்டூலில், ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தச்சர் முகச்சவரம் செய்திருந்தார். அவர் மனைவி வெளியே போகும் உடையில் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். எல்லாக் கதவும் அரைக் கதவாகத் திறந்திருந்தது. யாரும் படியிறங்கவில்லை. எல்லாரும் பஸ் நிற்கிற முனையைப் பார்த்தார்கள்.

யோசிக்கணும் என்று சொன்ன தச்சரும்தான் அண்ணா.

"போ, அவன் வரலேன்னு சொல்லிட்டு வா," என்றாள் அம்மா. நர்சம்மா வீட்டுக்குப் போனேன். கைக்கடிகாரம் கட்டி, கைப்பையோடு நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் பஸ் தாமதமா என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, சரி வரட்டும், கிளம்பித்தான் இருக்கிறேன் என்றார். நான் வெளியே வந்துவிட்டேன். என்னைப் பார்த்து எதிர் வீட்டில் சைகையால் கேட்டார்கள். தலையை எப்படியோ ஆட்டினேன். அது அவர்களுக்கு எப்படித் தெரிந்ததோ, அவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள்.

இப்படியே மத்தியானம் ஆனது. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் தெரு எழுந்து நின்றது, பிறகு உட்கார்ந்தது. நூலகத்தில் அதிகாரிகள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்களாம்.

வெயில் சாயும்போது மறுபடி நர்சம்மாவிடம் போனேன். இந்த முறை சொன்னேன்.

"அண்ணன் வராது நர்சம்மா. வரலேன்னு முன்னாலேயே எழுதிருச்சு. நாந்தான் சொல்லல. நீங்க எனக்காக வாங்க."

அவர் என்னைத் திட்டவில்லை. கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நீ கூப்பிட்டாலே வந்திருப்பேன்டி. காலையில கூப்பிட்டிருந்தா. இப்ப நான் நடந்தா, அவன் ஏமாத்துனதுக்கு அப்புறமும் நடந்த மாதிரி ஆயிடும்," என்றார். பிறகு, "அவன் எதுக்கு வரலேன்னு உனக்குத் தெரியும்தானே" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. நீ சொல்ல வேண்டாம் என்றிருந்தாய்.

நான் திரும்பி வருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் ஓடிவிட்டது. போன தேர்தலில் நீ வீட்டுக்கு வீடு தட்டிப் போன அதே வரிசையில், கதவுகள் சாத்திக்கொண்டே போயின. தையல்காரர் ஷூவைக் கழற்றி உள்ளே போட்ட சத்தம் கேட்டது.

அப்போது நம் அம்மா கிளம்பினாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு தெரு நடுவில் நடந்தாள். யாரையும் கூப்பிடவில்லை, யாரையும் பார்க்கவும் இல்லை. கோடி வீட்டு அக்கா ஓடி வந்து சேர்ந்துகொண்டாள். பின்னால் தச்சர் மனைவி. இன்னும் சில பேர். தச்சர் வாசலில் நின்று பித்தான் போட்டார், பிறகு அவிழ்த்தார். எனக்கு ஓட்டு இல்லாததால் நூலக வாசலில் நின்றேன். அவர்கள் உள்ளே போய் வருவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. பெட்டியைக் கட்டும்போது அதிகாரி, இந்தத் தெருவுக்கு இதில் அக்கறையே இல்லை போல என்று இன்னொருவரிடம் சொன்னார். பாதிக்குக் கிட்டேகூட இல்லை.

காலையிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அம்மாவிடம் கேட்டேன். தெரியலேடி என்றாள். சோறு வைத்தாள்.

உன் தங்கை


ஜூன் 1

அன்புள்ள முயலே,

நான் சுகம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபிக்காதே. பலமுறை எழுத உட்கார்ந்தேன்.

நகராட்சி கையெழுத்துப் போட்டுவிட்டது என்று இங்கே சொன்னார்கள். உங்களுக்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. நடந்தது நடந்துவிட்டது. இனி நடக்க வேண்டியதைப் பார்ப்போம்.

என்னை அங்கே மேற்பார்வைக்குப் போட்டுவிட்டார்கள். ஆகஸ்டில் வந்துவிடுவேன். தெருக்காரர்களை அப்படியே விட்டுவிட வேண்டாம், வேலை இருந்தால் கொடுங்கள் என்று முதலாளியிடம் பேசினேன். சிலருக்குக் கிடைக்கும். ஓட்டுநர்கள் சாப்பிட ஒரு கேன்டீன் வைக்கிறார்கள். அதில் உனக்கும் அம்மாவுக்கும் இடம் சொல்லி வைத்திருக்கிறேன். அம்மா உட்கார்ந்தே வேலை செய்யலாம், அதை முதலிலேயே பேசிவிட்டேன். நீ பின்பக்கம் பாத்திரம் கழுவும் இடத்தில் இருக்கலாம். யாரோடும் பேச வேண்டியிருக்காது. நம் மூன்று பேருக்கும் ஒரு அறை தருவார்கள்.

நர்சம்மா எப்படி இருக்கிறார்?

பதில் எழுது. ஒரு வரியாவது.

அண்ணன்


ஜூன் 14

அன்புள்ள அண்ணா,

நலம். அம்மாவும் நலம், முழங்கால் மட்டும் படியேறும்போது பிடிக்கிறது. உன் இருமல் திரும்ப வரவில்லை என்று நினைக்கிறேன்.

நகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். ஒவ்வொரு வீட்டிலும் ஆளைப் பார்த்து, காலி செய்யும் தேதியை நேரில் சொல்ல வேண்டுமாம். இந்தத் தெருவில் எல்லாரையும் கூப்பிடுகிறவர் யார் என்று டீக்கடையில் கேட்டிருக்கிறார். நம் வீட்டைக் காட்டினார்கள். அதனால் நான்தான் அவரோடு போனேன். எனக்கு இப்போது கதவு தட்டக் கூச்சமில்லை. எல்லாரும் உடனே வந்தார்கள், நின்று கேட்டார்கள், சரி என்றார்கள். தச்சர் மட்டும் தேதியை இரண்டாவது தடவை சொல்லச் சொன்னார். யோசிக்கணும் என்று சொல்லவில்லை.

நர்சம்மா போன வாரமே போய்விட்டார். அவர் தங்கை வீட்டுக்கு என்று சொன்னார்கள். தையல்காரர் மெஷினை விற்கப் பார்க்கிறார், போகிற இடத்தில் ஒரே அறையாம். கோடி வீட்டு அக்கா சலவைக்கடையை விட்டுவிட்டாள், புது வீடு வெகு தூரம். என்னோடு மடிக்க வேறு ஆளை இன்னும் போடவில்லை. தனியாக மடிக்கப் பார்த்தேன், வரவில்லை. கடைக்காரர் என்னையும் இந்த மாதத்தோடு நிற்கச் சொல்லிவிட்டார்.

நீ சொன்ன வேலையைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். முழங்காலுக்குக் களிம்பைத் தேய்த்து முடித்தாள். பிறகு, வேறு என்ன செய்வது, எழுது என்றாள்.

ஆகஸ்டில் முதல் நாள் எத்தனை மணிக்கு வர வேண்டும்? எந்த வாசல் வழியாக உள்ளே விடுவார்கள்?

உன் தங்கை